சிபிசி ரிப்போர்ட்டை எங்கேர்ந்து ஆரம்பிச்சு எப்படி படிக்கணும்

சிபிசிங்கிறது கம்ப்ளீட் பிளட் கவுண்ட், ரத்தத்துல இருக்கிற செல்களை எண்ணுற டெஸ்ட். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான். எந்த நம்பர் பக்கத்துல அதிகம்னு ஹெச் போட்டிருக்கு, எங்க குறைவுன்னு எல் போட்டிருக்குன்னு தேடுவாங்க, கண்ணுல பட்ட அந்த ஒண்ணை மட்டும் எடுத்து நெட்ல போட்டு பாப்பாங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. நான் பல வருஷமா லேப்ல ரத்தம் பாக்குற வேலைல இருக்கேன், கவுண்டர்ல நின்னு அழுதவங்கள்ல நிறைய பேரோட ரிப்போர்ட்ல அழ ஒண்ணுமே இருக்காது. அதே சமயம் ஹெச்சும் இல்ல எல்லும் இல்ல, எல்லாம் நார்மல்னு மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டு போனவங்களோட ரிப்போர்ட்ல மெதுவா ஒரு விஷயம் ஆரம்பிச்சிருக்கும். அதனால நம்பர் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பாக்காம சேத்து வெச்சு படிக்கிறது எப்படின்னு சொல்றேன். படிச்சுட்டு நீங்களே மருந்து எடுத்துக்கறதுக்காக இல்ல, டாக்டர்கிட்ட போறப்ப சரியான கேள்வியோட போகணுங்கிறதுக்காக.

முதல்ல அந்த ட்யூப்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க

சிபிசிக்கு பர்ப்பிள் மூடி போட்ட ட்யூப்லதான் எடுப்பாங்க. அதுக்குள்ள ஈடிடிஏன்னு ஒரு கெமிக்கல் முன்னாடியே இருக்கும், அது ரத்தத்துல இருக்கிற கால்சியத்தை புடிச்சு வெச்சுக்கும், கால்சியம் கிடைக்கலன்னா ரத்தம் உறையாது. அந்த ட்யூபை மெஷின்ல வேகமா சுத்த விட்டா மூணு அடுக்கா பிரியும். அடியில சிவப்பணுக்கள், கிட்டத்தட்ட 45 சதவீதம். அதுக்கு மேல ரொம்ப மெல்லிசா ஒரு வெள்ளை படலம், அதுலதான் வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டும், மொத்தத்துல 1 சதவீதம்கூட வராது. மேல 55 சதவீதம் இளமஞ்சளா தெளிஞ்சு நிக்குறது பிளாஸ்மா. பிளாஸ்மால 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், மிச்சத்துல புரதம், உப்பு, குளுக்கோஸ், ஹார்மோன், யூரியா மாதிரி வெளிய போக வேண்டிய கழிவு. அந்த புரதத்துல ஆல்புமின்னு ஒண்ணு இருக்கே, அதுதான் தண்ணியை ரத்தக்குழாய்க்குள்ள இழுத்து புடிச்சு வெக்குது, அது ரொம்ப குறைஞ்சா கால் வீங்கும். ஃபைப்ரினோஜன்னு இன்னொண்ணு, காயம் பட்டா வலை மாதிரி பின்னி ரத்தத்தை நிறுத்துறது அதோட வேலை. கிருமியோட சண்டை போடுற ஆன்டிபாடியும் பிளாஸ்மாலதான் மிதக்குது.

இதை எதுக்கு சொல்றேன்னா, சிபிசி எண்ணுறது செல்களை மட்டும்தான். "ஃபுல் பிளட் டெஸ்ட் எடுத்துட்டேன், கிட்னி லிவரெல்லாம் நல்லாதானே இருக்கு"ன்னு கேக்குறவங்க நிறைய. கிட்னி, லிவர், கொழுப்பு எல்லாம் ரத்தம் உறைஞ்சப்புறம் மேல நிக்குற சீரத்துலயோ பிளாஸ்மாலயோ தனியா பாக்குறது, அதுக்கு வேற கலர் மூடி ட்யூப். ரத்த குரூப்பும் தனி டெஸ்ட்தான்.

ரத்தம் நிறைய எடுத்துட்டாங்கன்னு கவலைப்படுறவங்களுக்கும் ஒரு கணக்கு. பெரியவங்க உடம்புல ஒரு கிலோ எடைக்கு சுமார் 70 மில்லி ரத்தம் இருக்கும், 60 கிலோ இருக்கிறவங்களுக்கு 4 லிட்டருக்கு மேல வரும். நாங்க எடுக்குறது 2, 3 மில்லி, அதாவது ஆயிரத்துல ஒரு பங்குகூட கிடையாது.

நம்பரை பாக்குறதுக்கு முன்னாடி

பேரு, வயசு, ஆணா பெண்ணா, சாம்பிள் எடுத்த தேதி, இது நாலும் சரியா இருக்கான்னு பாருங்க. வயசு தப்பா ஏறியிருந்தா ரேஞ்சும் தப்பா வரும். அடுத்து யூனிட். ஹீமோகுளோபின் ஒரு லேப்ல 13ன்னு வரும், இன்னொரு லேப்ல 130ன்னு வரும், முதல்ல இருக்கிறது டெசிலிட்டர், அதாவது 100 மில்லி கணக்கு, ரெண்டாவது லிட்டர் கணக்கு, ரெண்டும் ஒண்ணுதான். பிளேட்லெட் 250ன்னு இருந்தா பதறாதீங்க, அது ஆயிரத்துல போட்ட கணக்கு, 2.5 லட்சம்.

அப்புறம் அந்த நார்மல் ரேஞ்ச். ஆரோக்கியமா இருக்கிற நிறைய பேரோட ரத்தத்தை எடுத்து பாத்து, நடுவுல வர்ற 95 சதவீதம் பேரோட நம்பரைத்தான் ரேஞ்ச்னு போடுறாங்க. அப்போ நல்லா இருக்கிறவங்கள்லயே நூத்துக்கு 5 பேர் ஒவ்வொரு டெஸ்ட்லயும் வெளிய நிப்பாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, எந்த நோயும் இல்லாத ஆளுக்குகூட ஏதாவது ஒண்ணாவது ரேஞ்சை தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு. ஓரத்துல தொட்டுட்டு நிக்குற ஒரே ஒரு ஹெச்சுக்காக தூக்கத்தை கெடுத்துக்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். ரேஞ்ச் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், உங்க ரிப்போர்ட்ல அச்சடிச்சிருக்கிறதையே பாருங்க.

மெஷின் எப்படி எண்ணுதுங்கிறதையும் சொல்லிடுறேன், பின்னாடி உதவும். வாலஸ் கூல்ட்டர்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு 1953ல பேட்டன்ட் வாங்குன முறை அது. ரொம்ப சின்ன ஓட்டை வழியா ரத்தத்தை நீர்க்க வெச்சு அனுப்புவாங்க, ஓட்டைக்குள்ள கரண்ட் ஓடிட்டே இருக்கும், ஒரு செல் கடக்குறப்ப கரண்ட் ஒரு நொடிப்பொழுது தடைபடும். எத்தனை தடவை தடைபட்டுச்சோ அத்தனை செல், எவ்வளவு பெருசா தடைபட்டுச்சோ அவ்வளவு பெரிய செல். இப்ப வர்ற மெஷின்ல லேசர் எல்லாம் சேந்திருக்கு, ஆனா அடிப்படை இதுதான். அதனால ஒட்டிக்கிட்டு வர்ற நாலு சின்ன செல்லை மெஷின் ஒரே பெரிய செல்லுன்னு நினைச்சுக்கும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

சிவப்பணு, இங்கதான் நிறைய நேரம் செலவு பண்ணணும்

ஒரு சிவப்பணு 7, 8 மைக்ரோமீட்டர் அகலம், நடுவுல ரெண்டு பக்கமும் குழிஞ்ச தட்டு மாதிரி. முழுசா வளந்ததுக்கு உட்கரு கிடையாது, எலும்பு மஜ்ஜைலேர்ந்து வெளிய வர்றதுக்கு முன்னாடியே அதை தூக்கி எறிஞ்சுட்டு அந்த இடத்துலயும் ஹீமோகுளோபினை அடைச்சுக்கும், தன்னைவிட ஒடுங்கின குழாய்லகூட மடங்கி நுழைஞ்சு போயிடும். ஒரு செல்லுக்குள்ள சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறு, ஒவ்வொண்ணுலயும் 4 இரும்பு, ஒவ்வொரு இரும்பும் ஒரு ஆக்சிஜனை புடிக்கும். 120 நாள் ஆயுசு. செத்துப்போறதை ஈடுகட்ட மஜ்ஜை ஒவ்வொரு வினாடிக்கும் 20 லட்சத்துக்கு மேல புதுசு செஞ்சு அனுப்பிட்டே இருக்கு. எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

ரிப்போர்ட்ல முதல்ல ஹீமோகுளோபினை பாருங்க. ஹீமோகுளோபின் 15 இருக்கிறவங்களோட 100 மில்லி ரத்தம் சுமார் 20 மில்லி ஆக்சிஜனை தூக்கிட்டு போகும், ஹீமோகுளோபினே இல்லாம பிளாஸ்மால கரைஞ்சு மட்டும் போகணும்னா 0.3 மில்லிதான் போகும். அதான் இதுக்கு முதல் இடம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல ஆண்களுக்கு 13க்கு கீழ, பெண்களுக்கு 12க்கு கீழ போனா ரத்தசோகை. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு 11, நடு மூணு மாசத்துல 10.5, ஏன்னா அப்போ பிளாஸ்மா 40, 50 சதவீதம் கூடிடும், சிவப்பணு அந்த அளவுக்கு கூடாது, ரத்தம் இயல்பாவே நீர்த்துப் போகும்.

அடுத்தது பிசிவி, ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு சொல்றது. ஹீமோகுளோபினை 3ஆல பெருக்குனா கிட்டத்தட்ட பிசிவி வரணும், 12க்கு 36. ரொம்ப தள்ளி நின்னா செல்லோட அளவு மாறியிருக்கணும், இல்ல சாம்பிள்ல பிரச்சனை இருக்கணும். அதே மாதிரி எம்சிஹெச்சி, அதாவது சிவப்பணுக்குள்ள ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தியா இருக்குங்கிற நம்பர், 37ஐ தாண்டினா லேப்ல நாங்க நோயாளியை விட சாம்பிளைத்தான் முதல்ல சந்தேகப்படுவோம், ரத்தத்துல கொழுப்பு மிதக்குறதா இருக்கலாம், செல் உடைஞ்சிருக்கலாம், குளிர்ல ஒட்டிக்கிட்டிருக்கலாம்.

ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்குன்னு தெரிஞ்ச உடனே எல்லாரும் இரும்பு மாத்திரைக்கு போயிடுறாங்க. கொஞ்சம் நில்லுங்க, எம்சிவியை பாருங்க. ஒரு சிவப்பணுவோட சராசரி அளவு அது, 80லேர்ந்து 100 வரைக்கும் சரி. 80க்கு கீழன்னா செல் சின்னதா இருக்கு, அதுக்கு பெரும்பாலும் ரெண்டு காரணம்தான், இரும்புச்சத்து குறைவு, இல்லன்னா தலசீமியா ட்ரெய்ட், அதாவது ஹீமோகுளோபின் செய்யுறதுல பரம்பரையா வர்ற லேசான குறை. ரெண்டையும் பிரிக்க சிவப்பணு எண்ணிக்கையை பாக்கணும். இரும்பு இல்லன்னா சரக்கே இல்லாத ஃபேக்டரி மாதிரி, செல்லும் சின்னது, எண்ணிக்கையும் குறைவு. தலசீமியா ட்ரெய்ட்ல சரக்கு இருக்கு, டிசைன்லதான் குறை, அதனால செல் சின்னதா இருந்தாலும் மஜ்ஜை நிறைய செஞ்சு தள்ளும். எம்சிவியை சிவப்பணு எண்ணிக்கையால, அதாவது மில்லியன்ல இருக்கிற நம்பரால வகுத்து பாருங்க. ஹீமோகுளோபின் 9, எம்சிவி 68, எண்ணிக்கை 4.1னா 16.6 வரும், 13க்கு மேல போனா இரும்பு குறைவு பக்கம். ஹீமோகுளோபின் 11.2, எம்சிவி 65, எண்ணிக்கை 5.6னா 11.6, 13க்கு கீழ, தலசீமியா ட்ரெய்ட் பக்கம். இது வழிகாட்டுற கணக்கு மட்டும்தான். முடிவா தெரியணும்னா இரும்புக்கு ஃபெரிட்டின், தலசீமியாவுக்கு ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரிசிஸ் எடுக்கணும். இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, ட்ரெய்ட் இருக்கிறவங்களுக்கு உடம்புல இரும்பு குறையாம இருந்தா வருஷக்கணக்குல இரும்பு மாத்திரை போட்டு ஒரு பலனும் இல்ல, அதைவிட முக்கியம், கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் பீட்டா தலசீமியா ட்ரெய்ட் இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீதம் தலசீமியா மேஜர் வர வாய்ப்பு, அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்திட்டே இருக்க வேண்டி வரும். குழந்தைக்கு முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவோ யோசிச்சு முடிவெடுக்கலாம்.

இரும்பு குறைவுலயும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல காலியாகுறது கிடங்கு, அதாவது ஃபெரிட்டின். அதுக்கப்புறம் ஆர்டிடபிள்யூ, அதாவது செல்லுங்களோட அளவுல இருக்கிற வித்தியாசம், ஏறும், எம்சிவி மெதுவா இறங்கும், கடைசியாதான் ஹீமோகுளோபின் குறையும். நான் மேல சொன்னேனே மடிச்சு பைக்குள்ள வெச்ச ரிப்போர்ட்டுன்னு, அது இதுதான். ஒரு பெண்ணோட ஹீமோகுளோபின் 12.3, எல் இல்ல. ஆனா போன வருஷம் எம்சிவி 89, இந்த வருஷம் 81, ஆர்டிடபிள்யூவும் போன வருஷத்தைவிட ஏறியிருக்கு. மாடி ஏறுனா மூச்சு வாங்குது, முடி கொட்டுது, எப்பவும் அசதின்னு அவங்க சொல்லிட்டே இருப்பாங்க, ரிப்போர்ட் நார்மல்தானேன்னு யாரும் காதுல வாங்க மாட்டாங்க. ஃபெரிட்டின் எடுத்து பாக்கலாமான்னு நீங்களே கேளுங்க.

உடம்பு பழைய செல்லை உடைச்சு தினமும் 20, 25 மில்லிகிராம் இரும்பை திரும்ப எடுத்துக்குது, வெளியிலேர்ந்து உள்ள போறது 1, 2 மில்லிகிராம்தான். ஒரு மில்லி ரத்தம் வெளிய போனா சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போச்சு. அதனால மாதவிடாய்ல அதிகமா போறவங்களுக்கு கிடங்கு சீக்கிரமே காலி. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ன பெண்களுக்கோ இரும்பு குறைஞ்சா மாத்திரை மட்டும் போட்டு விட்டுடக்கூடாது, வயித்துலயோ குடல்லயோ எங்கயாவது ரத்தம் கசியுதான்னு தேடியே ஆகணும். மாத்திரை ஆரம்பிச்சா ஹீமோகுளோபின் ஏறுன உடனே நிறுத்தாதீங்க, கிடங்கு நிரம்புறதுக்காக டாக்டருங்க பொதுவா அதுக்கப்புறமும் 3 மாசம் போல தொடர சொல்லுவாங்க.

எம்சிவி 100க்கு மேலன்னா பி12 குறைவு, ஃபோலேட் குறைவு, குடிப்பழக்கம், லிவர், தைராய்டு, சில மருந்துகள்னு காரணம் வேற. கை கால் மரத்துப்போறதும் கூடவே இருந்தா பி12 கண்டிப்பா பாக்கணும். பி12 குறைவுன்னு தெரியாம ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ரத்தம் சரியாகுற மாதிரி தெரியும், நரம்பு பாதிப்பு உள்ளுக்குள்ள போயிட்டே இருக்கும்.

இங்க ஒரு இடத்துல ஏமாந்துடாதீங்க. இரும்பும் குறைவு, பி12ம் குறைவுன்னா சின்ன செல்லும் பெரிய செல்லும் கலந்து இருக்கும், சராசரி எடுத்தா எம்சிவி 90ன்னு அழகா வந்து நிக்கும். அப்போ காட்டிக்குடுக்கிறது ஆர்டிடபிள்யூ, செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசமா இருக்குன்னு சொல்றது அதுதான்.

எம்சிவி உண்மையிலேயே சரியா இருந்து ஹீமோகுளோபின் மட்டும் குறைவுன்னா நாள்பட்ட நோய் ஏதாவது இருக்கலாம், கிட்னியா இருக்கலாம், ஏன்னா சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜைக்கு ஆர்டர் போடுற எரித்ரோபாய்டின் கிட்னிலதான் உருவாகுது. இன்னொண்ணு, இப்பதான் ரத்தம் போயிருக்கும். விபத்துல நிறைய ரத்தம் போன உடனே எடுத்தா ஹீமோகுளோபின் 14ன்னே காட்டும், செல்லும் பிளாஸ்மாவும் அதே விகிதத்துலதானே சேந்து போச்சு. திசுக்கள்லேர்ந்து தண்ணி உள்ள வந்து நிரம்பினப்புறம்தான் நம்பர் இறங்கும். முதல் ரிப்போர்ட்டை பாத்து ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போயிடாதீங்க. வாந்தி பேதில உடம்பு வறண்டு கிடக்குறப்ப இதுக்கு நேர் எதிர், குறைவா இருக்கிற ஹீமோகுளோபின்கூட சரியா இருக்கிற மாதிரி காட்டும்.

வெள்ளையணுல சதவீதத்தை நம்பாதீங்க

மொத்த எண்ணிக்கை பெரியவங்களுக்கு 4,000லேர்ந்து 11,000. அதுக்கு கீழ நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில்னு அஞ்சு வகை சதவீதமா வரும். எல்லாரும் தடுமாறுறது இங்கதான். உதாரணத்துக்கு மொத்தம் 3,000, லிம்ஃபோசைட் 60 சதவீதம், நியூட்ரோஃபில் 30 சதவீதம்னு வெச்சுக்கங்க. லிம்ஃபோசைட் பக்கத்துல ஹெச் இருக்கும், எல்லாரும் அதை பாத்து பயப்படுவாங்க. பெருக்கி பாருங்க, லிம்ஃபோசைட் 1,800, அது சரியான அளவுதான். நியூட்ரோஃபில் 900, குறைஞ்சு கிடக்குறது அதுதான். ரிப்போர்ட்ல அப்சல்யூட் கவுண்ட்னு தனியா போட்டிருந்தா அதை பாருங்க, இல்லன்னா நீங்களே பெருக்கிக்கங்க. நியூட்ரோஃபில் 500க்கு கீழ போய் காய்ச்சலும் இருந்தா அது அவசரம், முக்கியமா கீமோதெரபி எடுத்துக்கிட்டு இருக்கிறவங்க காலைல போய்க்கலாம்னு காத்திருக்கவே கூடாது.

குழந்தைங்க ரிப்போர்ட் வேற. ரெண்டு வயசுல லிம்ஃபோசைட் 60 சதவீதம் இருக்கிறது இயல்பு, நாலஞ்சு வயசுக்கப்புறம்தான் நியூட்ரோஃபில் முன்னுக்கு வரும். ஒரு தடவை ஒரு அம்மா, பெரியவங்களோட ரேஞ்ச் போட்டு அடிச்சு குடுத்த ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு, குழந்தைக்கு பிளட் கேன்சரான்னு கேட்டு நடுங்கிட்டு நின்னாங்க. அந்தக் குழந்தைக்கு சாதாரண சளி. அச்சடிச்ச ரேஞ்ச் குழந்தையோட வயசுக்கு உள்ளதுதானான்னு கேளுங்க.

நியூட்ரோஃபில் ஏறுனா பாக்டீரியா தொற்றா இருக்கலாம், ஆனா ஸ்டீராய்டு மாத்திரை, கடுமையான உடற்பயிற்சி, கர்ப்பம்னு எதுல வேணா ஏறும். அது ரத்தத்துல ஒரு நாள்கூட சரியா தங்காத செல், காலைக்கும் சாயங்காலத்துக்கும் நம்பர் மாறுறது சகஜம். ஈசினோஃபில் ஏறுனா அலர்ஜி, ஆஸ்துமா, குடல்புழு, ஏதாவது மருந்து ஒத்துக்காதது. ரிமார்க்ல பிளாஸ்ட் செல்னு, அதாவது மஜ்ஜைக்குள்ளயே இருக்க வேண்டிய முதிராத செல்னு எழுதியிருந்தா மட்டும் ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க, அன்னைக்கே டாக்டரை பாருங்க.

பிளேட்லெட்

1.5 லட்சத்துலேர்ந்து 4.5 லட்சம். இது முழு செல்லே இல்ல, மஜ்ஜைல இருக்கிற மெகாகேரியோசைட்னு ஒரு பெரிய செல்லுலேர்ந்து உதிர்ற துண்டு, 8, 10 நாள் ஆயுசு. ரத்தக்கசிவு எதுவுமே இல்லாம நல்லா நடமாடுறவங்களுக்கு திடீர்னு 40,000னு வந்தா முதல்ல ரத்தத்தை ஸ்லைடுல தடவி மைக்ராஸ்கோப்ல பாத்தாங்களான்னு கேளுங்க. சிலரோட பிளேட்லெட் அந்த ஈடிடிஏ பட்டாலே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷின் அதை பிளேட்லெட்டா எண்ணாது, மேல சொன்ன அந்த ஓட்டை கதைதான். நீல மூடி சிட்ரேட் ட்யூப்ல திரும்ப எடுத்தா பல பேருக்கு உண்மையான எண்ணிக்கை வந்துடும்.

டெங்கு காய்ச்சல்ல எல்லாரும் பிளேட்லெட்டையே பாத்துட்டு இருப்பாங்க, நீங்க பிசிவியையும் சேத்து பாருங்க. பிளேட்லெட் இறங்க இறங்க பிசிவி ஏறுதுன்னா குழாய்லேர்ந்து பிளாஸ்மா வெளிய கசியுதுன்னு அர்த்தம், உயிருக்கு ஆபத்து அதுலதான் அதிகம். காய்ச்சல் விட்ட அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்லதான் இது நடக்கும், சரியாயிடுச்சுன்னு அசந்து இருக்கிற நேரம். விடாத வயித்துவலி, தொடர் வாந்தி, ஈறுல ரத்தம், கறுப்பா மலம் போறதுன்னா நம்பருக்காக காத்திருக்க வேணாம், நேரா ஆஸ்பத்திரி. வலிக்கு ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் அந்த நேரத்துல தொடவே கூடாது. ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டை தொட்டா அது சாகுற வரைக்கும் சரியா வேலை செய்யாது, ஆனா எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும். எத்தனை இருக்குன்னுதான் சிபிசி சொல்லும், வேலை செய்யுதான்னு சொல்லாது.

ஈஎஸ்ஆர் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரத்துல சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் கீழ இறங்குதுன்னு பாக்குறது, வயசானா ஏறும், ரத்தசோகைல ஏறும், கர்ப்பத்துல ஏறும், அதை மட்டும் வெச்சு எந்த நோய்னும் முடிவு பண்ண முடியாது.

அடுத்த தடவை ரத்தம் குடுக்குறப்ப

சிபிசிக்கு மட்டும்னா வெறும் வயித்துல வர வேண்டியதில்ல, தண்ணி குடிச்சுட்டு வாங்க, நரம்பு நல்லா கிடைக்கும். கைல கட்டுற அந்த பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல இறுக்கி இருந்தா ரத்தம் அந்த இடத்துல தேங்கி ஹீமோகுளோபின் கூடுதலா காட்டும், அதனால கட்டிட்டு நரம்பை ரொம்ப நேரம் தேடுனாங்கன்னா அவுத்துட்டு திரும்ப கட்ட சொல்லுங்க, சொல்றதுல தப்பே இல்ல. ஊசி எடுத்ததும் முழங்கையை மடக்காதீங்க, கையை நீட்டியே வெச்சு பஞ்சை ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தி புடிங்க, மடக்குனாதான் நீலமா கன்னிப்போகுது. என்ன மாத்திரை போடுறீங்கன்னு சொல்லிடுங்க. முடிஞ்சா ஒரே லேப்லயே எடுங்க.

ஒரு நோட்டுல தேதி போட்டு ஹீமோகுளோபின், எம்சிவி, ஆர்டிடபிள்யூ, மொத்த வெள்ளையணு, பிளேட்லெட் இந்த அஞ்சு நம்பரை எழுதி வெச்சுட்டு வாங்க. பக்கத்துலயே அப்போ காய்ச்சல் இருந்துச்சா, மாதவிடாய் நேரமா, புதுசா ஏதாவது மருந்தான்னு ஒரு வரி போதும். டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டோட அந்த நோட்டையும் நீட்டுங்க.